மரியாதையான பதில்

லேவிசன் ஷாவா, பிறப்பு 1946, சிபாட்டா மாவட்டம். இறப்பு 2011, கப்வே. மனநல மருத்துவமனையின் பூட்டிய பிரிவில் செவிலியர் உதவியாளராக முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். அந்த முப்பது ஆண்டுகளில் பயப்படாமல் கழித்த பணிநாள் ஒன்றுகூட அவருக்கு இல்லை. உடன் பணிபுரிந்தவர்களைக் கேட்டிருந்தால், அந்தப் பிரிவிலேயே பயம் அறியாத மனிதர் அவர்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

உண்மையை அறிந்தவர் அவருடைய மனைவி எசினாட்டி ஒருவரே. விடியற்காலையில் சீருடை அணிந்ததும் ஷாவாவின் வயிறு கலங்கத் தொடங்கிவிடும். வியர்வை வெளியே தெரியாதிருக்க உள்ளே இரண்டு பனியன்கள் போட்டுக்கொள்வார். கஞ்சியைத் தொடமாட்டார்.

"உங்க வயிறு போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுக் கோழி எழுந்திரிக்குது. வேற வேலை பார்த்தா என்ன?" என்பார் எசினாட்டி.

"வேற வேலையிலயும் பயந்தா?" என்று கேட்டுவிட்டு ஷாவா கிளம்பிவிடுவார்.

அவருக்குத் தைரியசாலி என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது ஏழாம் எண் அறை. அதில் இருந்தவன் போனிஃபஸ் முபாங்கா, கசாமா பக்கத்துப் பெம்பா இனத்தான், ஆறடி உயரம். 1974இல் ஒரு மாலை, வீட்டுக்குள் நுழைந்த தன் அண்ணனை, அண்ணனின் உருவத்தில் வந்த வேறொருவன் என்று நம்பி மண்வெட்டியால் அடித்துக் கொன்றவன். நீதிமன்றம் அவனைச் சித்தம் பிறழ்ந்தவன் என்று தீர்மானித்து, ஜனாதிபதியின் மறு உத்தரவு வரும்வரை பூட்டி வைக்கச் சொன்னது. அந்த உத்தரவு வரவேயில்லை.

1976 ஏப்ரலில் சிட்டாலி என்ற உதவியாளர் அந்த அறையைத் திறந்தார். "வாங்கய்யா, உள்ள வாங்க. உக்காருங்க," என்றான் முபாங்கா. இவ்வளவு மரியாதையா என்று மகிழ்ந்து உள்ளே போன சிட்டாலி, அடுத்த நிமிடம் இடது கண்ணை இழந்தார். ஷாவா அப்போது தாழ்வாரத்தில் தண்ணீர் வாளியுடன் நின்றிருந்தார். அந்த மரியாதையான குரல் அவர் காதில் விழுந்தது. அதன்பின் கேட்ட அலறலும் விழுந்தது.

அலறலைவிட அந்த மரியாதைதான் அவரை உறங்கவிடாமல் செய்தது. பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பெம்பாக்காரன் மரியாதை கொடுப்பது அந்நியனுக்கு. எதிரில் நிற்பவன் இன்னார் என்று முபாங்காவின் புத்திக்குத் தெரிகிறவரை ஆபத்து இல்லை. தெரியாமல் போகும் அன்று அவன் ஐயா என்பான்.

ஷாவா ங்கோனி இனத்தவர். பெம்பாக்களும் ங்கோனிகளும் பாட்டன் காலத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். போர் முடிந்து மிஞ்சியது கேலிமுறை. பெம்பாவைக் குரங்குதின்னி என்றும் ங்கோனியை எலிதின்னி என்றும், ஒருவன் மற்றவனை என்ன சொல்லியும் ஏசலாம். சாவு வீட்டில்கூட ஏசலாம். கோபித்துக்கொள்பவன்தான் மானம் கெட்டவன். அந்த முறையை ஷாவா கதவுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு காலையும் தாழ்ப்பாளின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, உடல் நடுங்க, குரல் மட்டும் நடுங்காமல் கத்துவார்:

"ஏய் குரங்குதின்னி! இன்னுமா சாகல?"

காத்திருப்பார். உள்ளேயிருந்து பதில் வரும்.

"எங்க அடிமை வந்துட்டான்டா! எலியை வாலோட முழுங்கினியா, வாலை உன் பொண்டாட்டிக்கு வச்சியா?"

"வாலை உங்க ராஜாவுக்கு அனுப்பினேன். போன வருஷம் அனுப்பினதையே இன்னும் சப்பிக்கிட்டிருக்காராம்."

உள்ளே சிரிப்பு கேட்டபின்புதான் ஷாவா தாழ்ப்பாளை விலக்குவார். மருந்தை ஊற்றிக் கொடுப்பார். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து வெளியேறுவார். பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று காலைகளில் மட்டும், "யாருங்கய்யா அது?" என்று பதில் வந்தது. மூன்று முறையும் அவர் கதவைத் திறக்கவில்லை, டாக்டரை அழைத்தார். நால்வர் பிடித்துக்கொள்ள ஊசி போடப்பட்டது. 'நடத்தையில் மாற்றம்' என்று பதிவேட்டில் எழுதினார். அதை எப்படிக் கண்டார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், தினமும் கேட்ட அந்தக் கூச்சலுக்குப் பின்னால் இருந்தது பயம் என்பதையும் சொல்லவேண்டியிருக்கும்.

1988இல் பிரிவின் பொறுப்புக்கு சிஸ்டர் மூங்கா வந்தார். டோங்கா இனத்தவர்; நேர்மையானவர்; கண்டிப்பானவர். செப்டம்பரில் ஆய்வுக்கு வந்த குழுவினர், ஓர் ஊழியர் நோயாளியைக் குரங்குதின்னி என்று அழைத்ததைக் கேட்டு முகம் சுளித்துப் போனார்கள். அக்டோபர் 3, திங்கட்கிழமை, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. நோயாளிகளை மிஸ்டர் என்ற அடைமொழியுடன் மட்டுமே அழைக்கவேண்டும்.

"சிஸ்டர், அது எங்க முறை," என்றார் ஷாவா.

"முறையை எனக்குச் சொல்லித்தராதீங்க, பா ஷாவா," என்றார் சிஸ்டர், மரியாதைக்குப் பெயரின்முன் 'பா' சேர்த்து. "எங்களுக்கு லோசி இனத்தாரோட அந்தக் கேலிமுறை உண்டு. எங்கப்பா செத்தப்போ சவப்பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டு, பீர் வந்தாத்தான் இறங்குவேன்னாங்க. அதெல்லாம் ஊர்ல வச்சுக்கலாம். இங்க அவர் நோயாளி. வேற ஏதாவது காரணம் இருக்கா?"

வேறு காரணம் நாக்கின் நுனிவரை வந்தது. தாழ்வாரத்தில் இரண்டு இளைய உதவியாளர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "இல்லை சிஸ்டர்," என்றார் ஷாவா.

மறுநாள் காலை கதவருகில் நின்று, "காலை வணக்கம், மிஸ்டர் முபாங்கா," என்றார். தாழ்ப்பாளில் கை வைத்துக் காத்திருந்தார். பிறகு, "வணக்கம் ஐயா," என்று மெல்லிய குரல் வந்தது.

ஷாவா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். ஆனால் இம்முறை அந்தப் பதிலுக்கு என்ன பொருள்? மரியாதையாகக் கேட்டவனுக்கு மரியாதையான பதில், அவ்வளவுதானோ? நோயா, நாகரிகமா என்று பிரித்தறிய அவரிடம் இருந்த ஒரே கருவி பலகையில் ஒட்டிய தாளோடு போய்விட்டது. அன்றும் அதன்பின் ஏழு நாட்களும், இளைய உதவியாளர்கள் இருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கதவைத் திறந்தார். முபாங்கா சுவரோடு ஒட்டி நின்று, இரு கைகளாலும் மருந்தை வாங்கிக் குடித்து, நன்றி என்றான். ஒவ்வொரு நாளும் அவன் சுவரோடு இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒட்டினான்.

"பாத்தீங்களா, மரியாதை குடுத்ததும் எப்படி அடங்கிட்டார்!" என்றார் சிஸ்டர் மூங்கா.

அக்டோபர் 12, புதன்கிழமை காலை, அவரே மருந்துத் தட்டுடன் வந்தார். ஷாவா கதவைத் திறந்தார். சிஸ்டர் உள்ளே நுழைந்தார். கட்டிலுக்கு அப்பாலிருந்து எழுந்த முபாங்காவின் கையில் ஒரு முழ நீள இரும்புப் பட்டை இருந்தது. கட்டிலின் குறுக்குச் சட்டம். எட்டு இரவுகளாக ஆட்டி ஆட்டிக் கழற்றியிருக்கிறான். சிஸ்டரின் தலைத்துணியோடு முடியைப் பற்றி இழுத்து, பட்டையின் முனையைக் கழுத்தில் வைத்தான். தட்டு சிதறியது.

ஆனால் அவன் பார்வை சிஸ்டர்மேல் இல்லை, ஷாவாவின்மேல் இருந்தது.

"ஐயா," என்றான் கெஞ்சும் குரலில். "தயவுசெஞ்சு சொல்லுங்கய்யா. பா ஷாவாவை என்ன பண்ணீங்க?"

ஷாவாவுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. கதவின் இப்பக்கம் அவர் காத்திருந்ததைப் போலவே, அப்பக்கம் முபாங்காவும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்திருக்கிறான். வந்திருப்பவன் ஷாவாதானா என்று அறிய அவனிடம் இருந்ததும் அந்த ஏச்சு ஒன்றுதான். எட்டு நாட்களாக ஓர் அந்நியன் ஷாவாவின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்து அவனுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறான்.

சொல்லவேண்டிய சொல் எது என்பது தெரிந்தது. வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. சிஸ்டரின் கழுத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தோன்றியது. ஷாவாவின் கால்சட்டை நனைந்தது.

"குர..." என்றார். பிறகு, கிழிந்த குரலில்: "குரங்குதின்னி! இன்னுமா சாகல?"

முபாங்காவின் கை நின்றது. அவன் ஷாவாவின் முகத்தைப் பார்த்தான். நனைந்த கால்சட்டையைப் பார்த்தான்.

"எலி வாலை யாருக்கு அனுப்பின?" என்று கேட்டான், சோதிப்பவனைப் போல.

"உங்க... உங்க ராஜாவுக்கு. இன்னும் சப்பிக்கிட்டிருக்காரு."

பட்டை தரையில் விழுந்தது. முபாங்கா கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "எங்கடா போயிருந்த, அடிமைப் பயலே? உன்னைக் கொன்னுட்டாங்கன்னு நெனச்சேன். எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?"

"எனக்கும்தான்டா," என்றார் ஷாவா. அந்தக் கட்டடத்துக்குள் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் முறை.

கழுத்தில் கட்டுடன் மறுநாள் வேலைக்கு வந்த சிஸ்டர் மூங்கா, பலகையிலிருந்த தாளைக் கிழிக்கவில்லை. "பா ஷாவா, ஏழாம் அறையில உங்க முறைப்படியே நடக்கட்டும். கமிட்டி வர்ற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா ஏசுங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கே காரணத்தைச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். ஷாவா மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு ஏழாம் அறைப் பக்கம் நடந்தார்.

2001இல் ஷாவா ஓய்வு பெற்றார். அதன்பிறகும் செவ்வாய்தோறும் பேருந்தில் வந்து, தாழ்ப்பாளில் கை வைத்து ஏசிவிட்டுப் போனார். அந்த நாட்களிலும் உள்ளே இரண்டு பனியன்கள் போட்டுக்கொண்டார். 2010 நவம்பரில் பக்கவாதம் வந்து, நினைவு பெரும்பாலும் போயிற்று. எசினாட்டியைச் சில நாள் தெரியும். சில நாள் தெரியாது.

செவ்வாய்க்கிழமைகளில் கதவருகில் காத்திருந்து காத்திருந்து முபாங்கா உண்ணாமல் போனான். வயதாகி ஒடுங்கிவிட்ட அவனை, டாக்டரின் அனுமதியுடன் இரண்டு உதவியாளர்கள் ஷாவாவின் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நடுப்பகல். ஷாவா சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முபாங்கா வாசற்படியைத் தாண்டவில்லை. திறந்திருந்த கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, நடுங்கும் குரலில் கத்தினான்:

"ஏய் எலிதின்னி! இன்னுமா சாகல?"

காத்திருந்தான். ஷாவா தலையைத் திருப்பினார். அவர் முகத்தில் பயம் சிறிதுமில்லை. எசினாட்டி அந்த முகத்தை அப்படி என்றும் பார்த்ததில்லை.

"வாங்கய்யா," என்றார் ஷாவா. "உள்ள வாங்க. உக்காருங்க."

முபாங்கா கதவிலிருந்து கையை எடுக்காமல் ஓரடி பின்வாங்கினான். பிறகு இன்னோரடி.

அதற்குப் பின் ஷாவா எதுவும் பேசியதாக எசினாட்டிக்கு நினைவில்லை. அன்று 2011 ஏப்ரல் 6, புதன்கிழமை.