நாலாம் லைனுக்கு ரிலீவர் வரவில்லை

எழிலரசி அக்காவுக்கு இடுப்பு வலி வந்து நாலு வருஷம். விண்வெளிக் கதைப் பைத்தியம் பிடித்து ஒன்றரை வருஷம். இரண்டும் முட்டிக்கொண்ட கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. வடக்குப்பட்டிலிருந்து மண்ணூர் வரை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவள் படித்துச் சொல்வதையெல்லாம் கேட்டுத் தொலைத்தவள் நான்தான்.

எங்களுடையது காருக்கு ஒயர்க் கட்டு செய்கிற கம்பெனி. நாலாம் லைனில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. வேலை கஷ்டமில்லை. ஆனால் கனெக்டர் வைத்திருக்கும் பெட்டி அரையடி ஸ்டாண்டில், காலடியில் கிடக்கும். ஒவ்வொரு பீஸுக்கும் குனிந்து எடுக்க வேண்டும். அந்த ஸ்டாண்டை இரண்டடி உயர்த்தச் சொல்லி அக்கா மூன்று முறை கைசன் பெட்டியில் எழுதிப் போட்டாள். தொழிலாளர்கள் யோசனை சொல்வதற்காக வைத்த பெட்டி அது. மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலித்தவன் ஒருநாள் வந்து குனிந்து பார்த்திருக்கலாம்.

மகளைப் பல் டாக்டரிடம் காட்ட மறைமலை நகர் போனபோதுதான் பைத்தியம் ஆரம்பித்தது. அங்கே சுப்பராயன் என்பவரின் கடையில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்தாள். வீட்டில் வந்து பார்த்தால், ஆதாரோடு வேறொரு தாளும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஏதோ கதையின் ஏழாம் பக்கம். கடைசி வரி இப்படி முடிந்தது: 'அவள் விண்கலத்தின் கதவைத் திறந்தாள். வெளியே'. அவ்வளவுதான்.

"வெளியே இன்னாடி?" என்று மூன்று நாள் என் உயிரை எடுத்தாள்.

"மழை பேஞ்சுகினு இருந்திருக்கும், வுடுக்கா" என்றேன்.

விடுவாளா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்ச் சுப்பராயனிடமே கேட்டாள். மனுஷர் ஆடிப்போய்விட்டார். 'அண்டவெளி அஞ்சல்' என்று ஒரு பத்திரிகையை அந்தக் கடையிலேயே ஜெராக்ஸ் போட்டு, பின் அடித்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாற்பது பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ரசிகர்களே எழுதி ரசிகர்களே படிக்கிற பத்திரிகை. பத்து வருஷத்தில் அடுத்த பக்கத்தைக் கேட்டு யாரும் கடையேறி வந்ததில்லையாம். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, முழு இதழையும் தந்தார். வெளியே இன்னொரு கதவு இருந்ததாம். இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு எரிச்சல். அக்காவோ அங்கேயே சந்தா கட்டிவிட்டாள்.

"கடைக்கு வந்தே வாங்கிக்கலாமே, தபால் எதுக்கும்மா?" என்றாராம் அவர்.

"எம் பேரு போட்டு வூட்டுக்கு வரணும் சார். எம் பேருக்கு இதுவரைக்கும் ஆதாரும் ஓட்டு கார்டும்தான் வந்துகீது."

முதல் இதழ் வந்த அன்று அவள் வீட்டுக்காரர் அன்பு, கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக் கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அதன்பின் இதழ் தவறாமல் வந்தது, பஸ்ஸில் என் காதும் தவறாமல் புண்ணானது.

ஒருநாள் பஸ்ஸிலேயே இரண்டு தாள் எழுதினாள். ஒன்று, கைசன் பெட்டிக்கு நாலாவது முறையாக ஸ்டாண்டு விவகாரம். ஃபாரம் தீர்ந்துபோனதால் நோட்டுத் தாளிலேயே எழுதினாள். இன்னொன்று, போன இதழில் வந்த ஒரு கதையைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். இரண்டையும் நாலாக மடித்தாள். ஒன்றைப் பெட்டியில் போட்டாள், மற்றதைக் கவரில் வைத்துத் தபாலில் சேர்த்தாள்.

கைசன் பெட்டியை மாதத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். திறந்த அன்று சூப்பர்வைசர் திருமலை சார் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் அக்காவின் தாள்.

"இன்னாம்மா இது? 'மேலதிகாரியை மட்டும் வெளியே தள்ளியிருக்கலாம், மற்ற இருவரும் பாவம், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள்'னு எய்திகீறே? யாரத் தள்ளப் போறே? எங்கேந்து?"

"விண்கலத்துலேந்து சார்."

"அது எங்க கீது?"

"செவ்வாய்க்குப் பக்கத்துல சார்."

"அங்க நமக்கு யூனிட்டே இல்லியேம்மா!"

நான் சிரிப்பை அடக்க ஒயரைக் கடித்தேன். அக்காவுக்கோ முகம் வெளுத்துவிட்டது. கடிதம் இங்கே வந்ததென்றால் ஸ்டாண்டு அங்கே போயிருக்கிறது. டீ பிரேக்கில் சுப்பராயனுக்குப் போன் போட்டாள்.

"பிரமாதமான கதைம்மா! அச்சாயிடுச்சு, நேத்தே அனுப்பிட்டேன்."

"சார், அது கதையே இல்ல சார்."

"அப்படித்தாம்மா எழுதணும். கதையே இல்லாத மாதிரி!"

மறுநாள் இதழ் வந்தது. 'நாலாம் லைன்' என்று தலைப்பு, கீழே அவள் பெயர். 'ஒருத்தி ஒரு ஷிப்டில் அறுநூற்று நாற்பது முறை குனிகிறாள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். ரிலீவர் வரவில்லை. ஸ்டாண்டை உயர்த்தினால் குனிய வேண்டியதில்லை.' அவ்வளவுதான் கதை. தான் ஆளைத் தள்ளுகிறவள் இல்லை என்று நிரூபிக்க அக்கா இதழைத் திருமலை சாரிடம் கொடுத்தாள். அவர் தலைப்பையும் பெயரையும் மட்டும் படித்துவிட்டு, "நம்ம லைன்ல ஒரு எழுத்தாளர்!" என்று பூரித்துப்போய், அந்தப் பக்கத்தைக் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தார்.

அடுத்த இதழில் வாசகர் கடிதங்கள். அக்கா பஸ்ஸில் சத்தமாகப் படித்தாள். 'ஆண்டைச் சொல்லாமல் விட்டது நுட்பம். 2300க்குப் பிறகு நடப்பதாக ஊகிக்கிறேன்' என்று ஒருவர். 'அறுநூற்று நாற்பது என்பது மிகை. அவ்வளவு முன்னேறிய சமூகத்துக்கு ஒரு ஸ்டாண்டை உயர்த்தத் தெரியாதா?' என்று இன்னொருவர். 'ரிலீவர் என்பது வேற்றுக்கிரக உயிரினம் என்று புரிந்துகொண்டேன். அது கடைசிவரை வராததே கதையின் உச்சம்' என்று மூன்றாமவர்.

பஸ்ஸே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கும்போது அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்துவதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது, அந்த மூன்று பேர் மேலும் கோபம் வந்தது. அவளுக்குக் கோபமே இல்லை. மூன்று பேர் தன்னைப் படித்திருக்கிறார்கள் என்று பூரிப்பு.

வருஷ ஆடிட் வந்தது. கார் கம்பெனியிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா, டீ ஆறும்வரை நோட்டீஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த லைன்?" என்றார்.

"கற்பனை மேடம்" என்றார் திருமலை சார்.

அந்த அம்மா டீயை வைத்துவிட்டு நேராக நாலாம் லைனுக்கு வந்தார். பத்து நிமிஷம் நின்று நாங்கள் குனிவதை எண்ணினார். கிளம்பும்போது ஸ்டாண்டைக் காலால் தட்டிக் காட்டி, திருமலை சாரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். இரண்டே நாளில் எல்லா ஸ்டாண்டும் இரண்டடி உயர்ந்தது. அன்று ஷிப்ட் முடிந்து அக்கா கம்பியைப் பிடிக்காமல் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதி, 'நாலாம் லைன், இரண்டாம் பாகம்' என்று அவளே தலைப்பும் போட்டு அனுப்பினாள். பத்து நாளில் சுப்பராயனிடமிருந்து கார்டு வந்தது.

'அன்புள்ள எழிலரசிக்கு, முதல் பாகம்போல இது நம்பும்படியாக இல்லை. நிர்வாகம் இரண்டே நாளில் ஸ்டாண்டை உயர்த்தியதாக எழுதினால், எவ்வளவுதான் விண்வெளி ரசிகர்களானாலும் ஏற்க மாட்டார்கள். வேறு முடிவு அனுப்பவும். ரிலீவர் வந்தாரா என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.'

லைனில் நிமிர்ந்து நின்றபடியே எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். அப்போது இரண்டு பேருமே ஒன்றரை மணி நேரமாகப் பாத்ரூம் போகக் காத்திருந்தோம்.

"ரிலீவர் வந்துட்டாருன்னு எய்தட்டுமாடி?" என்றாள்.

"அது நானே நம்ப மாட்டேன்க்கா" என்றேன்.