ஏழாம் அறையின் பழைய பூட்டு

பென்சில் கரியின் மணம் மூக்கில் ஏறினால் இன்றும் வேலையை விட்டுவிட்டு ஒரு கணம் நின்றுவிடுகிறேன். துறைமுகக் காற்றில் உப்பு. பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இறுகிவிடும், கரித்தூள்தான் ஊதுவோம். நான் ஊத, மலர் திறப்பைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பாள்.

திருகோணமலையில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல். எனக்குப் பராமரிப்பு வேலை. அறைகளுக்கு அவள் பொறுப்பு. முப்பது அறைக்கும் தனித்தனித் திறப்பு. மலரின் இடுப்பில் தொங்கிய மாஸ்டர் திறப்பு எல்லாவற்றையும் திறக்கும். சாதாரணப் பூட்டுக்குள் இருக்கும் சிறு உலோக ஊசிகள், திறப்பு தூக்கும் ஒரே உயரத்தில்தான் வழிவிடும். மாஸ்டருக்காக ஊசியைத் துண்டாக்கி, இன்னோர் உயரத்திலும் வழிவிட வைக்கிறோம். வேலை சுகம்தான். ஆனால் ஒவ்வொரு பூட்டின் வயிற்றிலும் முப்பது அறைகளின் இரகசியம் கிடக்கும்.

மலர் கனடா போவது முடிவானபோது, ஏழாம் அறையில் கழற்றிய பழைய பூட்டைத் துலக்கி, அதன் திறப்போடு அவளுக்குக் கொடுத்தேன். அந்தக் கதவு இறுகிய நாளில்தான் நாங்கள் முதன்முதல் மனம்விட்டுக் கதைத்தோம். கழற்றிய பூட்டின் ஊசிகளைக் கொட்டிவிட்டே வெளியே விட வேண்டும். நான் கொட்டவில்லை. கொட்டினால் எதைச் செருகினாலும் திரும்பும் வெறுங்கூடு. அவள் கையிலிருக்கும் திறப்புக்குத் திரும்பவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“உமக்கென்ன விசரா?” என்றார், பூட்டைக் கொடுத்ததை அறிந்த மனேச்சர். “பூட்டும் திறப்பும் சேர்ந்து ஒருத்தரிட்டைப் போனா, ஊசியை அளந்து மாஸ்டரையே வெட்டலாம். நாளைக்கு அந்தப் பூட்டு என்ரை மேசையிலை இருக்கோணும். இல்லாட்டி வேலைக்கு வராதையும்.”

அவர் சொன்னது சரி. அதுதான் வலித்தது.

அன்புவழிபுரத்தில் அவள் வீட்டு விறாந்தையில் சூட்கேஸ் திறந்து கிடந்தது.

“என்ன, ஒரு கிழமை முந்தியே வழியனுப்ப வந்திட்டீங்கள்?”

“தந்ததைத் திருப்பிக் கேக்க வந்தனான்.” காரணத்தைச் சொன்னேன்.

“நல்ல பரிசு! நான் கனடாவிலையிருந்து வந்து உங்கடை ஹோட்டல் குளிக்கிற துவாயைக் களவெடுப்பனாக்கும்.” சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “குடுக்காட்டி வேலை போயிடுமோ?”

“ஓம்.”

சூட்கேஸில் இருந்த சீலை மடிப்புக்குள்ளிருந்து பூட்டை எடுத்தாள். திறப்பை உருவிக்கொண்டு, பூட்டை மட்டும் என் கையில் வைத்தாள்.

“திறப்பு தனிய இருந்தா ஆபத்தோ?”

“இல்லை. அது திறக்கிற பூட்டு இனி எந்தக் கதவிலையும் இல்லை.”

“அப்ப இது என்னட்டை இருக்கட்டும்,” என்று விரல்களை மூடிக்கொண்டாள். “இதையும் கேட்டு வந்திடாதேங்கோ, சிவம்.”