கதவு சாத்திய சாப்பாடு

1978 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. வழக்கம்போல், தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டு மணி அடிப்பதற்கு முன் எழுந்தேன். கறுப்புக் கோப்பி, சவரம், குளியல். சவரம் இடக்கையால் என்பதால் தாடையில் ஒரு கீறல். பிறகு வாசற்கதவைச் சாத்தச் சொன்னேன். மனைவி தோசையைப் பிய்த்து ஊட்ட, கதவைப் பார்த்தபடியே விழுங்கினேன்.

மூன்று வாரங்களுக்கு முன், நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்துச் செம்மண் சரிவில் சைக்கிளோடு விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. விரல்கள் மட்டும் வெளியே. கட்டுப் போட்ட அன்றே ஈப்போ ஆஸ்பத்திரியில் தமிழ்த் தாதி ஒருவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்: கையை உயர்த்தியே வைக்க வேண்டும், விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும், சாப்பாடு உட்படச் சின்ன வேலைகளை அந்தக் கையாலேயே செய்ய வேண்டும்.

முதல் நாள் முயன்றேன். கை வாய்க்கு வராது. வாயைத்தான் கைக்குக் கொண்டுபோக வேண்டும். சோறு சட்டையெல்லாம் சிந்தியது. அந்நேரம் பார்த்து, விடுப்புக் கேட்க வந்த பால்வெட்டுக்காரர் வாசலில் நின்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்தினோம். இடக்கையால் சோற்றைத் தொட மனம் வரவில்லை. மனைவி ஊட்டினாள்.

அந்தத் திங்கட்கிழமை கட்டைக் காட்டப் போனபோது, ஆஸ்பத்திரியில் அதே தாதி என் விரல்களைப் பார்த்தார். வீங்கிப் பளபளத்தன.

"மடக்குங்க அண்ணே."

பாதிகூட மடங்கவில்லை.

"எப்படிச் சாப்புடுறீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"நான்தான் ஊட்டுறேன் மிஸ்ஸி," என்றாள் மனைவி. "ஆளுங்க பார்த்தா வெக்கமாம்."

"எலும்பு ஒட்டிக்கும் அண்ணே, விரல் மரக்கட்டையாப் போயிரும். அப்புறம் பேனாவை யாரு புடிப்பா, அக்காவா?"

எழுத முடியாத கிராணிக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை, குடியிருக்க வீடும் இல்லை.

மனைவி கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை வெளிப் பெஞ்சிலேயே பிரிக்கச் சொன்னார் தாதி. கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிவிட்டு, எதிரிலேயே நின்றார். பெஞ்சு முழுக்க ஆட்கள். ஒருவர் எங்கள் தோட்டத்து வேறொரு பால்வெட்டுக்காரர், காலில் கட்டோடு. ஒவ்வொரு வாய்க்கும் பாதிச் சோறு கீழே விழுந்தது.

"கிராணி ஐயா, தரைக்கும் சேர்த்து ஊட்டுறீங்களா?" என்றார் அவர்.

பெஞ்சே சிரித்தது. என் காது சுட்டது.

"சிரிக்காதீங்க லா," என்று அவரே அதட்டினார். "நான் நேத்து கட்டையை ஊணி நடக்கப் பழகுறப்போ கைலியையே விட்டுட்டேன். மிஸ்ஸிதான் எடுத்துக் குடுத்துச்சு!"

தாதியும் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. ஆனால் பொட்டலம் காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

மனைவி குனிந்து தரையில் கிடந்த பருக்கைகளைப் பொறுக்கினாள். மூன்று வாரமாக எனக்கு ஊட்டி முடித்த பிறகு அவள் ஆறிப்போன சோற்றைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெஞ்சின் சிரிப்பைவிட அதுவே என்னைத் தலைகுனிய வைத்தது. பேருந்தில் வீடு திரும்பும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கோப்பிக்கும் முன், வீங்கிய விரல்களாலேயே வாசற்கதவின் தாழ்ப்பாளை நீக்கி, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக்கொடுத்தேன்.