வெறுந்தாளுக்கு வாசித்த வயலின்

"முழுக்கப் பாடமாக்கியிருப்பீர்" என்றாள் அவள்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். யாழ்ப்பாணத்தில் பெண்கள் விடுதியில் நானும் அவளும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். கலை வரலாற்றுப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு, மனப்பாடத்தால் வந்தவை என்ற நினைப்பில்தான் அப்படிச் சொன்னாள். "வன்னியிலயிருந்து வந்து இவ்வளவோ?" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவளுடைய தாயும் தகப்பனும் ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா படிவங்களில் பெருவிரல் வைப்பவர். அந்தச் சிரிப்பில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவள் வயலின் படித்தாள், நான் சித்திரம் படித்தேன், சோறும் சம்பலும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

படிப்பு முடிந்த பிறகு, இந்த வருடம், கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் சிற்பக் கண்காட்சி வந்தது. தொடக்க நாளில் நாங்கள் இருவரும் ஒரு நிகழ்ச்சி செய்யவேண்டும் என்று அவள்தான் ஒழுங்குபடுத்தினாள். ஐந்து சிற்பங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பலகையில் பெரிய தாள். அவள் சிற்பத்தைப் பார்த்து மனதில் வருவதை வயலினில் வாசிப்பாள். நான் சிற்பத்தைப் பார்த்தும் அவள் வாசிப்பைக் கேட்டும் கரியால் கீறுவேன். என் கை போகும் போக்கைப் பார்த்து அவள் வில் மாறும். எது முதல், எது பிறகு என்று முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. அழைப்பிதழிலும் "ஒத்திகை இல்லாத நிகழ்வு" என்றுதான் அச்சடித்திருந்தார்கள்.

"ஒருக்காலாவது பழகிப் பாப்பமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம். உமக்கு இயல்பா வருது. பழக்கினா உம்மட கை கெட்டுப்போம்."

அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் போய் அம்மாவிடமும் சொன்னேன். சிரட்டையைச் சுட்டு நானே கரி செய்தேன். அம்மா முல்லைத்தீவிலிருந்து விடியப் பஸ் ஏறி, நல்ல சேலை கட்டி, முன்வரிசைக் கதிரையில் வந்து இருந்தா. என்னை ஒரு மேடையில் அம்மா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பனங்குற்றியில் தொடங்கினோம். ஆணிகள் அடித்த உயரமான மரத்துண்டு அது. அவள் ஒரே சுரத்தை இழுத்தாள், நான் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்தேன். நன்றாகத்தான் போனது. அடுத்ததாக வளைந்த சைக்கிள் சில்லுகள் மூன்று இருந்தன. ஆனால் அந்த நேரத்தில் கதவால் வந்த வெயில் அதற்கும் அப்பால் இருந்த சீமெந்துக் கதிரையில் விழுந்தது. இப்போதுதான் யாரோ எழும்பிப் போனது போல நடுவில் பள்ளம் விழுந்த கதிரை. என் கால் அங்கே போனது.

வயலின் வரவில்லை.

அவள் சில்லுகளுக்கு முன்னால் நின்று, சுற்றிச் சுற்றி வரும் ஒரு வாசிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள். இப்போது திரும்புவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணால் எனக்குச் சில்லைக் காட்டினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் கதிரையை விடவில்லை. அவளும் நிறுத்தவில்லை. சில்லின் பக்கத்தில் இருந்த வெறுந்தாளுக்கு முன்னால் கடைசிச் சுரம் வரைக்கும் வாசித்து முடித்தாள். அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் வயலின் வேறெங்கோ நின்றது. சனம் கைதட்டியது. வெளியே போகும்போது ஒருவர் என் அம்மாவின் காதுபடவே சொன்னார்: "வயலின் பிள்ளை அந்தமாதிரி நல்லா வாசிச்சுது. படம் கீறின பிள்ளைதான் பிழை விட்டிட்டுது."

நான் தாள்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மண்டபத்தைக் கூட்டுகிற அக்கா கரித்தூளைப் பார்த்துத் தலையில் கை வைத்தா.

"ஐயோ பிள்ளை, இதை ஆர் கழுவுறது? அது கிடக்கட்டும், நீங்கள் ஏன் இடையில கதிரையிட்டப் போனனீங்கள்? குற்றி, பிறகு சில்லு, பிறகுதானே கதிரை?"

"அப்பிடி ஒழுங்கு ஒண்டும் இல்லை அக்கா."

"என்ன இல்லை? மூண்டு நாளா அந்தத் தங்கச்சி இஞ்ச வந்து இதே பாட்டைத்தானே வாசிச்சவா. சிலை செய்தவரும் பக்கத்தில நிண்டு, இது கூட, அது குறைய எண்டு சொன்னவர். எனக்கே பாடம். வேணுமெண்டா அந்தச் சில்லுப் பாட்டைப் பாடிக் காட்டவோ?"

பாடியும் காட்டினா. ஒரு சுரமும் பிசகவில்லை.

அவள் குசினிப் பக்கம் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய்க் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"கோவியாதையும். பெரிய ஆக்கள் வருகினம், நான் சும்மா வந்து நிக்கேலுமே?"

"அப்ப என்னை மட்டும் ஏன் சும்மா நிக்க விட்டனீர்?"

"உமக்குச் சொல்லியிருந்தா நீர் அதைப் பாடமாக்கிக்கொண்டு வந்து நிண்டிருப்பீர். நீங்கள் எல்லாம் அப்பிடித்தானே படிச்சு வந்தனீங்கள்."

நீர் என்று தொடங்கிய கதை நீங்கள் எல்லாம் என்று முடிந்தது. அந்த நீங்களில் மரியாதை இல்லை. அந்தச் சொல்லுக்குள் முன்வரிசையில் நல்ல சேலையோடு இருந்த அம்மாவும் இருந்தா. நான்கு வருடம் அவள் என்னை நீர் என்று கூப்பிட்டபோதெல்லாம் இந்தப் பன்மை உள்ளே இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

"பாடமாக்கினது ஆர்?" என்று கேட்டேன். அவள், தாள்களைத் தந்தால் கொழும்புக்குக் கொண்டுபோய் இரண்டு பேரின் வேலையென்று காட்டலாம் என்றாள். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவோடு முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். வழியில் ஒட்டுசுட்டான் தாண்டும்போது அம்மா சொன்னா.

"பிழை விட்டா என்ன பிள்ளை. அடுத்தமுறை அந்தப் பிள்ளை காட்டுற பக்கம் போ."

"நான் பிழை விடேல்லை அம்மா."

"அப்ப ஏன் சனம் சிரிச்சது?"

நடந்ததைச் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டா. ஆனால் முகத்தைப் பார்த்தால் பாதிதான் நம்பியது தெரிந்தது. சிநேகிதி செய்ததை விட அந்தப் பாதிதான் என்னை உறங்கவிடவில்லை.

கண்காட்சி இந்த மாதக் கடைசி ஞாயிறு வரை இருக்கிறது. நேற்று மண்டப அலுவலகத்துக்குப் போய், கடைசி நாளில் ஒரு மணித்தியாலம் கேட்டேன். அதே ஐந்து சிற்பங்கள். எது முதல் என்பதை வந்திருப்பவர்கள் சீட்டு எடுத்துச் சொல்வார்கள். என்ன வாத்தியம் தெரிந்தவரும் வந்து வாசிக்கலாம், நான் கீறுவேன். முதல் சீட்டை அம்மா எடுப்பா. அது எந்தச் சிற்பம் என்பது அதுவரைக்கும் எனக்கும் தெரியாது என்பதை அம்மா தன் கண்ணாலேயே பார்க்கட்டும்.

எழுதுவினைஞர் படிவத்தை நீட்டினார். "ஒத்திகைக்கு எத்தினை நாள் மண்டபம் வேணும், மிஸ்? அதையும் நிரப்புங்கோ."

அந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு கீறி, கீழே முழுப்பெயரில் கையெழுத்து வைத்தேன். அவர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.