கண்ணாடி போல இருந்த தண்ணீர்

தாம்பரத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நான் டெக்னீஷியன். தினமும் காலையில், சுத்திகரித்த தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சளானால் அதில் குளோரின் இருக்கிறது. மெஷினுக்கு விடக் கூடாது.

ஒருநாளும் மஞ்சளானதில்லை. அதனால் அந்த மே மாதக் காலையில் சோதிக்காமலே நோட்டில் 'குளோரின் இல்லை' என்று எழுதினேன். முந்தின நாள் வந்த லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பார்வைக்குக் கண்ணாடி போல இருந்தது.

ஒரு மணி நேரத்தில், ஊரப்பாக்கம் மேரி அக்கா "மூச்சு முட்டுதுப்பா" என்றார். குழாயில் ஓடிய ரத்தம், அணுக்கள் உடைந்து, சர்பத் போலத் தெளிந்திருந்தது. எல்லா மெஷினையும் நிறுத்தினேன். மற்றவர்கள் பிழைத்தார்கள். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

விசாரிக்க வந்தவர்கள் நோட்டைப் பார்த்தார்கள். சோதனைக்குப் பிறகு, குளோரினை நீக்கும் ஃபில்டர் பழுதாகியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அக்காவின் கணவர் ஃபைலை வாங்க வந்தார். "தண்ணிதான் காரணம்னு சொல்றாங்க. அன்னைக்கு நானும் இங்கதான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"

வயிறு தாங்குகிற குளோரினை ரத்தம் தாங்காது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், "நீங்க பார்க்கலையா?" என்று கேட்டிருப்பார்.

"தெரியல சார்" என்றேன்.

இப்போது ஒருநாளும் சோதிக்கத் தவறுவதில்லை. நோட்டில் அந்த மே மாத நாளின் பக்கத்தில் என் கையெழுத்துக்கு மேலே தண்ணீர் இன்னும் சுத்தமாகவே இருக்கிறது.