ஏரியைச் சுற்றிய இங்கிலாந்து

இங்கிலாந்தின் தென்பக்கத்தில் ஒரு கிராமம். மாதா கோயிலைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பினால் அரை மைலுக்கு இறக்கம், இறக்கத்தின் அடியில் ஒரு மரப்பாலம். இது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். இங்கிலாந்துக்கு நான் போனதில்லை. சைக்கிளும் ஓட்டத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூனில் இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் இந்தக் கண்ணராவியைத்தான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் எங்கள் துரையால் வந்தது. அரிசி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் மேனேஜர், நான் குமாஸ்தா. இளவயதில் சொந்த நாட்டில் சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சுற்றியவராம். ரங்கூனில் அதற்கு வழியில்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் வெயில் காலத்தில் முழங்கால் புழுதி, மழைக் காலத்தில் முழங்கால் சேறு. பெரிய ஏரியைச் சுற்றிப் போகும் ரோடு ஒன்றுதான் சைக்கிளுக்கு லாயக்கு. சரி, அதைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாதா? கூடாதாம். செக்குமாடு போலச் சுற்ற அவருக்குப் பிடிக்கவில்லை.

அவரிடம் சைக்கிள்காரர்களுக்கென்று அச்சடித்த பழைய வழிப்புத்தகம் ஒன்று இருந்தது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மைல், எங்கே திரும்ப வேண்டும், எங்கே மேடு, எங்கே சத்திரம் என்று வரிக்கு வரி போட்டிருக்கும். ஏரியை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய மூன்று மைல். நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த மூன்று மைலுக்கான வழியைப் படிக்க வேண்டும். அவர் ஒரு காலை ஊன்றி நின்று கேட்பார், தலையை ஆட்டுவார், போவார். ஒரு சுற்று முடிந்து என்னிடம் திரும்பி வரும்போது அவரைப் பொறுத்தவரை வேறொரு கிராமத்துக்கு வந்திருப்பார். நான் மட்டும் அதே மரத்தடியில் அதே எறும்புகளோடு இருப்பேன்.

‘அபாயமான சரிவு, இறங்கித் தள்ளிச் செல்லவும்’ என்று நான் படித்துவிட்டால் இறங்கித்தான் தள்ளுவார். தரையோ தாம்பாளம் மாதிரி சமம். ஏரிக்கு அக்கரையில் அவர் குனிந்து பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை உருட்டிப் போவது இங்கிருந்தே தெரியும். மோஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கப் போகும் பர்மியப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். ‘இங்கிருந்து காட்சி அழகு’ என்று புத்தகம் சொன்னால் நின்று பார்ப்பார். இடப்பக்கம் என்று போட்டிருந்தால் இடப்பக்கம். அங்கே யாரோ வக்கீல் வீட்டு முள்வேலி இருக்கும், அதைப் பார்ப்பார். வலப்பக்கம் ஏரித் தண்ணீரில் புத்தர் கோயிலான பொன் பகோடா முழுசாக நிழல் விழுந்து கிடக்கும். அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊர்ப் பெயர்களோ, பாதி எழுத்துகள் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பவை. எல்லாவற்றையும் உச்சரித்தாலும் திட்டு, விட்டாலும் திட்டு. யாரைக் குறை சொல்ல? ஒருநாள் ஆபீசில் அவர், “உங்களில் யார் தெளிவாக உரக்க ஆங்கிலம் படிப்பார்கள்?” என்று கேட்டபோது முந்திரிக்கொட்டையாக எழுந்து நின்றவன் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி கப்பல் ஏறினாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது நாற்பது நாள்கூட இல்லை. ரங்கூனிலேயே மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில்பாதை ஓரம் ஓர் அறை பிடித்து, பாய் வாங்கி, பானை சட்டி வாங்கி, வரச்சொல்லி எழுதியிருந்தேன். அவள் கடலையே பார்த்தவள் இல்லை. ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டேவுக்குப் போகும் ஒரு வயதான தம்பதியைத் துணையாகப் பிடித்து அவள் அண்ணன் சென்னையில் ஏற்றிவிட்டான். ஞாயிறு காலை எட்டு மணிவாக்கில் கப்பல் ஜெட்டிக்கு வரும் என்று தகவல். கப்பலை விட்டு இறங்கும்போது நான் நின்றாக வேண்டும். அவளுக்கு இந்த ஊரில் என்னைத் தவிர ஒரு முகம் தெரியாது, ஒரு வார்த்தை பர்மா பாஷை தெரியாது.

எட்டு மணிக்குத் துரை ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

என்னோடு அதுவரை அறையில் இருந்த ரயில்வே குமாஸ்தா, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், வாரம் முழுக்க என்னைக் கரித்துக்கொட்டினான். “ஏண்டா, ஒரு ஞாயித்துக்கெழம வரமாட்டேன்னு சொன்னா அந்த ஆளு ஒன்னக் கடிச்சா தின்னுடப்போறான்?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நீ நாளைக்கு நாளைக்குன்னு சொல்றதுக்குள்ள அவ வந்து எறங்கிடுவா. எனக்கும் ஞாயித்துக்கெழம டூட்டி. இல்லாட்டி நானே போய்க் கூட்டியாருவேன். வாயுள்ள புள்ள பொழைக்கும்டா.”

எனக்கு வாய் இருந்தது. இங்கிலாந்து முழுவதையும் கத்திப் படிக்கும் வாய். சனிக்கிழமை மத்தியானம் துரையின் மேஜை முன்னால் நின்று, “ஸார், நாளைக்குக் காலையில் கப்பல்...” என்று ஆரம்பித்தேன். அவர் நிமிராமல், “ஆமாம், தபால் வரும், திங்கள்கிழமை பிரிக்கலாம்” என்றார். “எஸ் ஸார்” என்று வந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் கேட்ட லீவு.

பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய். பதினோரு குமாஸ்தாக்களில் துரை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் நான் ஒருவன். திங்கள்கிழமைகளில் அவர் என் மேஜைப் பக்கம் வந்து, நேற்றைய வழி நன்றாக இருந்தது இல்லையா என்று கேட்டுவிட்டுப் போவார், மற்றவர்கள் வெந்து சாவார்கள். ஒரு ஞாயிறு நான் வராமல், புத்தகம் வேறு எவன் கைக்காவது போய்விட்டால்? அந்த எறும்புக்கடி நாற்காலியின் மேலும் எனக்கு ஆசை இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு விடியும்போது மரத்தடியில் இருந்தேன். அன்றைய வழி ஏழு சுற்று. அதைக் குறைத்துவிட்டால் எட்டு மணிக்குள் ஓடிவிடலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். மூன்றாவது சுற்றுக்கு அவர் வந்து நின்றதும் மூன்று தாளைச் சேர்த்துப் புரட்டினேன். அவர் தலையை ஆட்டினார், போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து கஜம் போனவர் சைக்கிளைத் திருப்பினார்.

“நடுவில் ஒரு கிராமம் இருக்குமே. வாத்துக்குளம், கொல்லன் பட்டறை. அது எங்கே போயிற்று?”

“தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஸார்.”

“அங்கே எனக்குச் சக்கரம் கோணிப்போய், அந்தக் கொல்லன் நிமிர்த்திக் கொடுத்தான். அவனைப் பார்க்காமல் எப்படிப் போவது? முந்தின ஊரிலிருந்து மறுபடியும் வருவோம்.”

வருவோமாம்! சும்மா உட்கார்ந்திருக்கும் என்னையும் சேர்த்து. குறைக்கப்போய் ஒரு சுற்று கூடியதுதான் மிச்சம். கொல்லன் பட்டறை இருக்க வேண்டிய இடத்தில் அவர் இறங்கி, ஒரு மூங்கில் புதரோரம் மரியாதையாக நின்றுவிட்டு வந்தார். எட்டரைக்கு ஆற்றுப் பக்கத்திலிருந்து கப்பலின் ஊதல் கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வந்தார், படித்தேன். போனார். மறுபடி வந்தார், படித்தேன். டாக்டர் சோதனை இருக்கும், அம்மைக்குத்துப் பார்ப்பார்கள், டெக்குப் பிரயாணிகளை இறக்க எப்படியும் நேரமாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயில் ஏறி மர நிழல் என் காலடிக்குச் சுருங்கியபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கடைசிச் சுற்றுக்குப் படிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

“உடம்பு சரியில்லையா?” என்றார்.

“என் மனைவி கப்பலில் வந்திருக்கிறாள், ஸார். தனியாக. முதல் தடவை.”

அவர் என்னையே பார்த்தார். முகம் சிவந்தது. “கடவுளே! இதை ஏன் நேற்றே சொல்லவில்லை? போ, ஓடு!” என்று புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அவ்வளவு சுலபம். கேட்ட மாத்திரத்தில் கிடைத்துவிட்டது. நல்ல மனுஷர் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. கடுகடுத்து மறுத்திருந்தால் ரிக்‌ஷாவில் போகும்போது வைது தீர்க்க ஓர் ஆளாவது இருந்திருப்பான்.

ஜெட்டியில் கூட்டம் கலைந்துவிட்டது. சுமைக்கூலிகள் மூட்டைகளின் மேல் படுத்திருந்தார்கள். கொட்டகை நிழலை விட்டுத் தள்ளி, நட்ட நடு வெயிலில், ஒரு தகரப் பெட்டியின் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. துணைக்கு வந்தவர்கள் த்வாண்டே லாஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று பத்து மணிக்கே போய்விட்டார்களாம்.

“நிழல்ல உக்காந்திருக்கக் கூடாதா? பெட்டி இருக்குல்ல?” என்றேன். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல்.

“உக்காந்தா கூட்டத்துல ஒங்க கண்ணுக்குத் தெரியாமப் போயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் நின்னுக்கிட்டே இருந்தேன்.”

பெட்டியைத் தூக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டாள்: “லீவு குடுக்கலியா அவுங்க?”

“குடுக்கல” என்றேன்.

மறுநாள் சாயங்காலம் துரை தன் கையாலேயே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். புது ஊருக்கு வந்திருக்கும் உன் மனைவிக்கு என்றார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூடியில் வாத்துக்குளமும் ஓட்டு வீடுகளுமாக அழகான படம். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

“மூணு வருசங் கழிச்சு வந்த பொம்பளய வெயில்ல நிக்க வச்ச மகராசன் குடுத்ததா? எனக்கு வேணாம். அடுத்த வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க.”

அவளை வெயிலில் நிற்க வைத்தவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.