பதினோரு விநாடி

"கதவு," என்று சொல்லிவிட்டு ஸ்டாப் வாட்ச்சை அழுத்துகிறார் உளவியலாளர். எதிரே இருக்கும் ஓட்டுநர், "ஜன்னல்," என்கிறார். ஒன்றரை விநாடி. குறித்துக்கொள்கிறார். "மழை." "வைப்பர்." அதையும் குறித்துக்கொள்கிறார்.

விபத்துக்குப் பிறகு மறுபடி வண்டியெடுக்க வரும் பேருந்து ஓட்டுநர்களின் மனநிலையைச் சோதிப்பது அவர் வேலை. நூறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் மனதில் முதலில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். என்ன பதில் வருகிறது என்பதைவிட, எங்கே நாக்கு தடுக்குகிறது என்பதில்தான் அவருக்குக் கண். பணிமனையில் அவர் பெயர் 'வார்த்தை மேடம்'.

ஒரு சொல் இன்னொன்றைவிடக் கனமாக விழுந்துவிடக் கூடாதென்று, குளியலறையில் "சாவி, சட்டை, சாவு" என ஒரே குரலில் சொல்லிப் பழகுவார். ஒருமுறை "மனைவி" என்றதும் ஒரு ஓட்டுநர், "இதோ வந்துட்டேன்," என்று பாதி எழுந்தேவிட்டார். அன்று சோதனையைப் பத்து நிமிடம் நிறுத்த வேண்டியிருந்தது. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மகளுக்குத்தான் மனத்தாங்கல். "கொஞ்சம் யோசிச்சு பதில் சொன்னா, என்னத்த மறைக்கிறேன்னு மூஞ்சியப் பாக்கறே. வீட்லயாவது அந்தக் காதைக் கழட்டி வையேம்மா." முடிந்தால் வைக்கமாட்டேனா என்று நினைத்துக்கொள்வார்.

போன வாரம் இருபது வருட ஓட்டுநர் ஒருவர் வந்தார். திடீரென்று பிரேக் போட்டதில் ஐந்து பயணிகளுக்குக் காயம். "என்னமோ குறுக்கே வந்துச்சு" என்று விசாரணையில் முடித்துக்கொண்டவர். நாற்பது சொற்களுக்கு மளமளவென்று பதில் வந்தது. "பந்து" என்றதும் வாய் மூடிக்கொண்டது. பதினோரு விநாடி.

"ஒண்ணுமில்ல மேடம்."

பட்டியல் முடிந்தபின் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பந்து யாரோடது?"

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். "தெரியல மேடம். ரோட்ல உருண்டு வந்துச்சு. பின்னாலயே புள்ள ஓடிவரும்னு மிதிச்சுட்டேன். யாரும் வரல. வெறும் பந்துக்கா நிறுத்தினேன்னு சிரிப்பாங்கன்னு வெளிய சொல்லல. இப்ப எந்தச் சந்தப் பாத்தாலும் அந்தப் புள்ள வரப்போகுதுன்னே இருக்கு."

மூன்று மாதம் பணிமனை வேலை, சிகிச்சை, பிறகு மறுசோதனை என்று அறிக்கை எழுதினார். மேலாளர் முகம் சுளித்தார். "ஓட்ட ஆளில்லாம வண்டிங்க நிக்குது. ஒரே ஒரு வார்த்தைக்காகவா?"

"பதினோரு விநாடில வண்டி எவ்வளவு தூரம் போகும், சார்?"

மேலாளர் கையெழுத்துப் போட்டார். "தண்டனைன்னு பதிவாகக் கூடாது," என்று உளவியலாளர் கேட்டு, அதையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஓட்டுநரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். "வண்டியத் தவிர எனக்கு வேற என்ன மேடம் தெரியும்?" கேட்கும்போதே அந்த மனிதரின் குரல் உடைந்தது. மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், சம்பளம் குறையாது என்றெல்லாம் சொல்ல இவர் தயாராகத்தான் வந்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஓட்டுநரின் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.